இறாலைப் போல நழுவுவோம்!

ஆற்று இறாலை எப்போதாவது கையால் பிடிக்க முயன்றிருக்கிறீர்களா? கல்லிடைக்குறிச்சி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் வளரும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. கோடையில் ஆற்று நீர் முழங்காலளவுக்கு இறங்கித் தெளிந்து ஓடும்போது, கல் இடுக்குகளில் கண்ணாடி போன்ற உடலோடு இறால்கள் நிற்கும். அதன் முகத்துக்கு நேரே கையைக் கொண்டு போங்கள். அது அங்கே இராது! ஒரு சாண் தள்ளி, பின்னால் போயிருக்கும். விவரம் தெரிந்தவர் முன்னால் ஒரு கையை ஆட்டிவிட்டு, பின்னால் துண்டை விரித்து வைத்துக் காத்திருப்பார்.

இந்த இறாலின் பெயரில் ஓர் உடற்பயிற்சி இருக்கிறது. ஜப்பானிய ஜூடோக் கூடங்களில் அதற்கு 'எபி' என்று பெயர். இறால் என்று பொருள். ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையைப் பயில்பவர்களும் உலகெங்கும் வகுப்பு தொடங்கியவுடன் இதைத்தான் செய்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம்; ஒரு பாயும் உங்கள் உடம்பும் போதும். மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, இடுப்பைப் பின்னால் வீசி நகரவேண்டும். அவ்வளவுதான்! பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையாகக்கூட இருக்கும்.

ஆனால் எதற்காக இது? உங்களைவிடக் கனமான ஒருவன் உங்களைக் கீழே தள்ளி மேலே அமர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? இரு கைகளாலும் அவன் மார்பை மேல்நோக்கித் தள்ளுவார்கள். பத்து விநாடியில் கை சோர்ந்துவிடும், அவன் அசைந்திருக்கமாட்டான். இறால் நகர்வு வேறொரு வழியைக் கூறுகிறது. அவனை நகர்த்தாதே, நீ நகர்ந்துவிடு என்கிறது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்புப் பௌதிகம் போதும். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

உங்கள் எடை 40 கிலோ, மேலே இருப்பவர் எடை 60 கிலோ. அவருடைய முழு எடையும் உங்கள்மேல் இருந்தால், அவரை நேராக மேலே தூக்க ஏறத்தாழ 600 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 60 கிலோ மூட்டையைப் படுத்தபடியே தூக்குவதற்குச் சமம். சரி, தூக்காமல் பக்கவாட்டில் நழுவினால்? புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. கிடைமட்டத் திசையில் அதற்குப் பங்கில்லை. அங்கே எதிர்த்து நிற்பது உராய்வு ஒன்றே. தரைக்கும் உங்கள் சட்டைக்கும் இடையே உள்ள உராய்வுக் கெழுவைக் கணக்குக்காக 0.5 என்று கொள்வோம். தரையை அழுத்துவது உங்கள் எடையும் அவர் எடையும் சேர்ந்து 100 கிலோ. அதில் பாதி 50 கிலோ. எனவே ஏறத்தாழ 500 நியூட்டன்!

என்ன இது? அறுநூறுக்குப் பதில் ஐந்நூறு. இந்த அற்ப லாபத்துக்கா இவ்வளவு பயிற்சி என்று நீங்கள் கேட்பது நியாயமே. மேலே ஆள் அழுத்தமாக அமர்ந்திருக்கும்போது தரையோடு தரையாகத் தேய்ந்து நழுவ முயல்வது வீண் வேலைதான். இறால் நகர்வின் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது.

பீரோவை நடத்திச் செல்வது எப்படி?

வீட்டில் இரும்புப் பீரோவை இடம் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவர் நேராகத் தள்ளினால் அது அசையாது. அனுபவசாலி ஒருவர் வந்து பீரோவைச் சற்றே சாய்த்து, எடை முழுவதையும் ஒரு மூலையில் நிறுத்தி, மறு மூலையை முன்னால் சுழற்றுவார். பிறகு இந்த மூலையில் எடையை நிறுத்தி அந்த மூலையைச் சுழற்றுவார். பீரோ நடந்துபோகும்! பழைய ஆட்டுரலைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டு போனவர்களும் இப்படித்தான் உருட்டி, திருப்பிக் கொண்டு போனார்கள். எடை தங்கியிருக்கும் மூலை நகர்வதில்லை, நகரும் மூலையில் எடை இல்லை. நகரும் பகுதி தரையில் தேயவே இல்லையல்லவா? அப்புறம் உராய்வு எங்கே இருந்து வரும்?

இறால் நகர்வில் உங்கள் உடம்புதான் பீரோ. ஒரு மூலை உங்கள் தோள். மறு மூலை தரையில் ஊன்றிய பாதம். நகரவேண்டிய இடுப்பு இவ்விரண்டுக்கும் நடுவே, தரையிலிருந்து எழும்பி, காற்றில் இருக்கிறது. இடுப்பு தரையைத் தொடாததால் அதை எதிர்க்கும் உராய்வும் இல்லை. ஊன்றிய பாதம் தரையைத் தள்ளுகிறது. தரை பாதத்தைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! இடுப்பு பின்னால் போகிறது. தள்ளுவது கை அல்ல, கால் என்பதையும் கவனியுங்கள். தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் நாள் முழுவதும் உங்களைச் சுமந்து படியேறும் தசைகள். கைத்தசைகள் அவற்றுக்கு ஈடாகா.

மேலே அமர்ந்திருக்கும் ஆளின் 60 கிலோ என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்குத்தான் முதலில் இடுப்பைத் தூக்குவது. ஒருவர் உங்கள் வயிற்றின்மேல் அமர்ந்திருக்கையில் அவருடைய ஈர்ப்பு மையம் அவர் இரு முழங்கால்களுக்கும் பாதங்களுக்கும் இடைப்பட்ட பரப்புக்கு மேலே இருக்கிறது. நீங்கள் திடீரென்று இடுப்பை வில்லாக வளைத்து உயர்த்தினால் அந்த மையம் முன்னால், உங்கள் தலைப்பக்கம் தள்ளப்படுகிறது. விழாமலிருக்க அவர் இரு கைகளையும் தரையில் ஊன்றியே ஆகவேண்டும். ஊன்றிய கணத்தில் அவர் எடையில் ஒரு பகுதி அவர் கைகள் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. உங்கள் இடுப்பின்மேல் பாரம் குறைகிறது. அந்தக் கணம் நீடிக்காது. அதற்குள் நழுவிவிட வேண்டும். பலம் குறைந்தவர் பலமுள்ளவரை எப்படி வெல்கிறார் என்பதற்கு நான் கண்ட மிக எளிய விளக்கம் இதுதான்: எடை வேறெங்கோ இருக்கும் நேரம் பார்த்து வேலையை முடிக்கிறார்.

செய்யும் முறை

பிசான அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதைவிட நல்ல மெத்தை கிடையாது. இல்லாவிட்டால் இரண்டு கோரைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம்.

மல்லாந்து படுங்கள். இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை இடுப்புக்கு அருகே ஊன்றுங்கள். இப்போது இடது பாதத்தை அழுத்தி இடுப்பை உயர்த்தியபடி வலப்பக்கமாகத் திரும்புங்கள். உங்கள் பாரம் வலது தோளிலும் இடது பாதத்திலும் மட்டும் இருக்கவேண்டும். கழுத்திலோ தலையிலோ பாரம் விழக்கூடாது. மோவாயை நெஞ்சை நோக்கி இறக்கி வைத்துக்கொண்டால் கழுத்துக்குக் காப்பு. அடுத்து இடது காலை நீட்டித் தரையைத் தள்ளுங்கள். இடுப்பு பின்னால், அதாவது உங்கள் முதுகு இருக்கும் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகட்டும். அதே வேளையில் இரு கைகளையும் பாதத்தை நோக்கி நீட்டுங்கள், எதையோ தள்ளி விலக்குவதுபோல. இப்போது மேலேயிருந்து ஒருவர் பார்த்தால் உங்கள் உடம்பு இடுப்பில் மடிந்து, ஏறக்குறைய சட்டியில் கிடக்கும் இறாலைப்போல் வளைந்திருக்கும். மறுபடி மல்லாந்து, மறுபக்கம் திரும்பி, வலது காலால் அதையே செய்யுங்கள். மாறி மாறிச் செய்யச் செய்ய, தலைப்பக்கமாக நகர்ந்து கொண்டே போவீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இதைத் தனியாகச் செய்யலாம், ஆபத்தில்லை. ஆனால் நண்பனை மார்பின்மேல் ஏறி உட்காரச் சொல்லி விளையாட்டாகச் சோதிக்காதீர்கள். நாம் மூச்சிழுக்கும்போது விலாக்கூடு விரிந்து, உதரவிதானம் கீழிறங்க வேண்டும். மார்பில் பாரம் இருந்தால் விலா விரியாது. வயிற்றிலும் பாரம் இருந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லை. அகப்பட்டவர் கத்தக்கூட முடியாமல் போகும். கத்துவதற்கும் காற்று வேண்டுமே! ஜூடோக் கூடங்களில் கையால் இரண்டு முறை தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும் என்ற கட்டாய விதி இருப்பது இதனால்தான். ஆளோடு பயில்வதானால் பயிற்சி பெற்ற ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். மல்லாந்து கிடப்பதைவிட ஒருக்களித்துத் திரும்பினால் மூச்சுவிடுவது எளிதாகும் என்பதையும் அவர் உங்களுக்குக் காட்டுவார். அகப்பட்டவருக்கு முதலில் தேவைப்படுவது வெற்றி அல்ல, ஒரு மூச்சு.

கைகளுக்கு என்ன வேலை என்றேனே, எதையோ விலக்குவதுபோல என்று? அதை விளக்க வாழைத்தோட்டத்துக்குப் போகவேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. குலை தள்ளிய வாழை சாய்ந்துவிடாமல் மூங்கில் கழியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கழி வாழையைத் தூக்குகிறதா? இல்லை. சும்மா நிற்கிறது! கழிக்குக் களைப்பும் வருவதில்லை. பாரம் அதன் நீளவாட்டில் இறங்கித் தரைக்குப் போகிறது. மற்போரில் கீழே இருப்பவர் தன் முன்கையை எதிராளியின் இடுப்பெலும்புக்குக் குறுக்கே இப்படித்தான் முட்டுக் கொடுக்கிறார். தள்ளுவதில்லை. தசைக்குப் பதில் எலும்பு பாரத்தைத் தாங்குகிறது. எதிராளி இருந்த இடத்திலேயே இருக்கிறார். இவர் இடுப்பு மட்டும் விலகுகிறது. நடுவே இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளியில் முழங்காலை நுழைத்துவிட்டால் பிடி உடைந்தது.

நம் குஸ்தியில் இது ஏன் இல்லை?

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நமக்கு மற்போர்ப் பயிற்சிகள் ஏராளம். மற்போரும் நமக்குப் பழையது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் 80ஆம் பாடலாக இருக்கிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றி, அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து, மற்றொரு காலை முதுகுப்புறம் வளைத்தான் சோழன் என்கிறது பாட்டு. கீழே கிடந்த மல்லன் ஏதோ ஓர் உபாயம் செய்திருக்கிறான்! அது என்ன என்று புலவர் விரிக்கவில்லை. வென்றவன் பக்கம் நின்று பாடிய பாட்டல்லவா!

ஆனாலும் இறால் நகர்வு நம் குஸ்திக் களத்தில் முக்கிய இடம் பெறவில்லை. காரணம் விதியில் இருக்கிறது. குஸ்தியில் இரு தோள்களும் ஒருசேரத் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மல்லாந்து விழுந்தபின் தப்பிக்க அவகாசமே இல்லை. எனவே விழாமலிருக்கும் பயிற்சிகளும், விழுந்தாலும் கழுத்தில் பாலம்போல் வளைந்து தோளைத் தரையில் படவிடாத பயிற்சிகளும் வளர்ந்தன. ஜூடோவின் விதி வேறு. மல்லாத்தி அமுக்கியவர் 20 விநாடி அப்படியே பிடித்து வைத்திருந்தால்தான் முழு வெற்றி. அந்த அவகாசம்தான் இறால் நகர்வுக்கு வாழ்வு கொடுத்தது.

டோக்கியோவில் 1882இல் கோடோகான் என்ற கூடத்தைத் தொடங்கி, பழைய ஜியு-ஜிட்சு முறைகளைச் சீரமைத்து ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ என்னும் ஆசிரியர். அவருடைய கூடத்தில் பயின்ற மிட்சுயோ மாயேடா 1914இல் பிரேசில் சென்றார். அங்கே கிரேசி குடும்பத்தார் அவரிடம் கற்று, தரையில் போரிடும் பகுதியைத் தனிக் கலையாகவே வளர்த்தனர். நம் நாட்டுக்கும் இது அன்றே வந்தது. ரவீந்திரநாத் தாகூர் அழைத்ததன்பேரில் ஷின்சோ தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியர் 1929இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். மாணவர்களோடு மாணவிகளும் அங்கே பயின்றார்கள். பொருளாதார அறிஞர் அமார்த்திய சென்னின் தாயார் அமிதா சென் சாந்திநிகேதனில் ஜூடோ கற்ற பெண்களில் ஒருவர். பெண் பிள்ளைகளுக்கு எதற்கு மல்யுத்தம் என்று இன்றும் கேட்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த நகர்வு எல்லாரையும் எப்போதும் காப்பாற்றிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. அக்டோபர் 23 அன்று, எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில், நெதர்லாந்தைச் சேர்ந்த ஆண்டன் கீசிங்க் ஜப்பானின் அக்கியோ கமினாகாவைத் தரையில் அமுக்கிவிட்டார். கீசிங்க் 198 செ.மீ. உயரம், கமினாகாவைவிட எடையும் அதிகம். கமினாகா தேர்ந்த வீரர்; சொந்த நாட்டு மக்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அன்றைய விதிப்படி 30 விநாடி. அவரால் தப்ப முடியவில்லை. எடைக்கு விலை உண்டு. எடைப் பிரிவுகள் வைத்துப் போட்டி நடத்துவதும் அதனால்தான்.

இறாலின் நரம்பும் நம் நரம்பும்

மறுபடி ஆற்றுக்கு வருவோம். இறால் எப்படி அவ்வளவு விரைவாகப் பாய்கிறது? அதன் பின்னுடல் ஆறு கண்டங்களால் ஆனது. நுனியில் விசிறிபோன்ற வால். ஆபத்து என்றவுடன் பின்னுடலைச் சடாரென்று வயிற்றுப்புறமாக மடக்குகிறது. வால்விசிறி நீரை முன்னால் தள்ள, உடம்பு பின்னால் பாய்கிறது. இறாலில் சதை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்கான இயந்திரமே.

இறாலின் உறவினரான நன்னீர்ச் சிங்கிறாலில், ஒரே ஒரு இராட்சத நரம்பிழையைத் தூண்டினாலே இந்தப் பாய்ச்சல் முழுவதும் நிகழ்கிறது என்று 1947இல் வியர்ஸ்மா என்ற விஞ்ஞானி காட்டினார். நரம்பிழை பருமனாக இருந்தால் செய்தி வேகமாக ஓடும். அகன்ற வாய்க்காலில் தண்ணீர் தடையின்றி ஓடுவதைப்போல. கடல் இறால் வகை ஒன்றில் அந்தச் செய்தி விநாடிக்கு 200 மீட்டர் வேகம்வரை செல்கிறது. நம் உடம்பின் மிக வேகமான நரம்புகளே விநாடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர்தான்!

இறால் யோசிப்பதில்லை. தொட்டால் பாயும், பிறவியிலேயே அமைந்த இணைப்பு. நாமோ யோசிக்கிறோம். ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்றாலே நமக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடுகிறது. இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா என்று தேர்வு செய்ய வேண்டியிருந்தால் இன்னும் கூடும். எதிராளி கையை ஊன்றும் அந்தச் சிறு கணமோ காத்திருக்காது. ஆகவேதான் நூறு முறை, ஆயிரம் முறை என்று ஒரே அசைவைச் செய்யச் சொல்கிறார்கள். பயிற்சியால் நரம்பின் வேகம் கூடிவிடுவதில்லை. தேர்வு செய்யும் நேரம்தான் குறைகிறது. சிறுமூளையும் மூளையின் பிற பகுதிகளும் அந்த அசைவை ஒரே கோவையாகக் கட்டி வைத்துவிடுகின்றன. சைக்கிள் ஓட்டும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று நீங்கள் யோசிக்கிறீர்களா என்ன? கண்கூட வேண்டியதில்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடுள்ளோருக்கான ஜூடோ 60 கிலோ பிரிவில் நம் நாட்டின் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தொட்டே அறிந்துகொள்ளும் ஆட்டம் அது.

நீங்களே செய்து பாருங்கள்

சிமெண்டுத் தரையில் ஒரு பாயை விரியுங்கள். பாயின் ஓரமாகத் தரையில் ஒரு நீண்ட கோடு போட்டு, அதில் சென்டிமீட்டர் அளவு குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காலை நீட்டிப் படுத்து, இடுப்பைத் தூக்காமல் நகர முயலுங்கள். எவ்வளவு நகர்ந்தீர்கள் என்று நண்பர் ஒருவர் அளக்கட்டும். அடுத்து, மேலே சொன்ன முறையில் ஒரே ஒரு முறை நகருங்கள். அளவை எழுதுங்கள். மூன்றாவதாக, ஊன்றும் பாதத்துக்கு அடியில் வழவழப்பான பாலிதீன் உறையை வைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். பாதம் வழுக்கும், இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சற்று முன்புவரை எதிரி என்று நாம் எண்ணிய உராய்வு, பாதத்தின் அடியில் இல்லாமல் போனால் என்ன ஆகிறது பார்த்தீர்களா?

கடைசியாக, பாதத்தை ஊன்றும் இடத்தை மாற்றிப் பாருங்கள். இடுப்பிலிருந்து 10 செ.மீ., 20 செ.மீ., 30 செ.மீ., 50 செ.மீ. என்று தள்ளித் தள்ளி ஊன்றி, ஒவ்வொரு முறையும் இடுப்பு நகர்ந்த தூரத்தைக் குறியுங்கள். பாதம் மிகத் தள்ளி இருந்தால் கால் முன்பே பாதி நீண்டுவிட்டது. தள்ள மிச்சம் இல்லை. மிக நெருங்கியிருந்தால் முழங்கால் இறுக மடங்கி, தொடைத் தசைக்கு முழு விசையும் வராது. இடையில் எங்கோ உங்கள் காலின் நீளத்துக்கு ஏற்ற ஓரிடம் இருக்கிறது. உயரமான நண்பருக்கும் குள்ளமான நண்பருக்கும் அது ஒன்றாக இராது. இருவரையும் அளந்து, ஒரே வரைபடத் தாளில் இரண்டு கோடுகளாக வரைந்து பாருங்கள்.